கட்டுவிரியன் படம் தாவிய பக்கம்

செய்தி கைபேசிக்குப் படமாகத்தான் வந்தது. அலுவலகக் குழுவில் யாரோ போட்டிருந்த கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. நடுவில் தணிகாசலத்தின் முகம், சுற்றிலும் பெயர்கள். அதில் ஒரு வரி அவருடைய காதின் மேலேயே ஏறிக் கிடந்தது. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். படத்தின்மேல் எழுத்து ஏறாமல் பார்த்துக்கொள்வதையே தொழிலாகச் செய்தவருக்கு இப்படி ஓர் அஞ்சலியா என்று திட்டினேன். அதைச் சொல்லிச் சிரிக்க அவருக்கே போன் செய்யப் போனேன். அப்போதுதான் அழுதேன்.

ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், புத்தகங்களுக்குப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. அவர் பக்கம் அமைப்பவர், நான் மெய்ப்புத் திருத்துபவள். ஏறக்குறைய ஒரே வயது. அவர் என்னை 'மேடம்' என்பார், நான் 'சார்' என்பேன். சண்டையிலும் அந்த மரியாதை குறையாது. முகூர்த்த நாள் நெருங்கினால், வழி தெரியாமல் மாடியேறி வந்து புடவை கேட்பவர்கள் உண்டு. நாங்கள் எரிந்து விழுவோம். அவர் மட்டும் எழுந்துபோய்க் கடைவாசல் வரை கொண்டுவிட்டு வருவார்.

படம் வைத்த பக்கம் என்றால் அவரிடம்தான் போகும். படத்தின் பக்கத்தில் எழுத்து ஒடுங்கி ஓட வேண்டும். படம் முடிந்ததும் முழு அகலத்துக்கு விரிய வேண்டும். எத்தனை வரி ஒடுங்குவது என்று மென்பொருள் தானாகக் கணக்கிடும். தமிழில் அது அடிக்கடி சொதப்பும். படம் முடிந்த பிறகும் இரண்டு வரி ஒடுங்கியே நிற்கும். "மிஷினு எண்ணும் மேடம், பாக்காது" என்பார். அச்சிட்ட தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்ப்பது அவர் வழக்கம். "படிச்சா கண்ணு எழுத்து பின்னாடியே பூடும். தலகீழா புடிச்சாத்தான் சந்து பொந்து தெரியும்." நான் நேர்மாறு. எழுத்தை மட்டும் படிப்பேன், படத்தை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். ஆக, படத்தையும் எழுத்தையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஆளே இல்லை. அது அப்போது எங்களுக்கு உறைக்கவில்லை.

பாம்புப் புத்தகம் பற்றி, நம் அச்சுத் தொழிலில் இருக்கும் நீங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தணிகாசலம் செய்த ஒரே பெரிய தவறு என்று அலுவலகத்தில் இன்றும் சொல்கிறார்கள். அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன்.

எந்தப் பாம்பு விஷமுள்ளது, எது இல்லாதது என்று விவசாயிகளுக்குச் சொல்லும் சிறு கையேடு அது. படங்களின் கீழே பெயர் கிடையாது. பக்கத்தில் ஓடும் எழுத்தே பெயரைச் சொல்லும். எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும் வேளையில், எச்சரிக்கை ஒன்று விடுபட்டதாக எனக்குத் தோன்றியது. ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். சேர்த்துவிட்டு, "பக்கம் நவுந்துகினு இருக்கும். இன்னொரு வாட்டி பாத்துடறீங்களா மேடம்?" என்று கேட்டார். கலசப்பாக்கத்தில் தங்கை மகளுக்கு வளைகாப்பு. நான் பேருந்தைப் பிடிக்க வேண்டும். "ஒரு வரிதானே சார், என்னா ஆயிடப் போவுது? ஜல்தியா அனுப்புங்க" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த ஒரு வரியால் பக்கத்தின் அடியில் இடம் போதாமல், கட்டுவிரியன் படம் மட்டும் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிட்டது. அங்கே அதை ஒட்டி ஓடிய எழுத்து, வெள்ளிக்கோல் வரையன் என்ற விஷமில்லாத பாம்பைப் பற்றியது. இரண்டுக்கும் உடம்பில் பட்டைகள் உண்டு, பார்த்தால் குழப்பும். 'விஷமற்றது, அஞ்ச வேண்டாம்' என்ற வரி, உயிரைக் குடிக்கும் பாம்பின் பக்கத்தில் போய் நின்றது.

அச்சாகி வந்த புத்தகத்தைப் புரட்டி அவர்தான் கண்டுபிடித்தார். அதற்குள் ஒரு கட்டுப் புத்தகம் பக்கத்து ஊரான படவேட்டுக்குப் போய், விவசாயிகள் கூட்டம் ஒன்றில் கொடுத்தும் விட்டார்கள். அவர் உடனே கிளம்பினார், நானும் கூடப் போனேன். வாங்கியவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக, கொல்லை கொல்லையாக நடந்தோம். ஓர் அம்மா புத்தகத்தைத் தர மறுத்தார்.

"குடுத்தத திருப்பிக் கேக்கறியே, என்னாய்யா பேஜாரு இது?"

இவர் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். "இந்தப் பாம்பு கடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடணும்மா. பயப்படாதன்னு போட்டுட்டேன். என் தப்புதாம்மா."

அந்த அம்மா புத்தகத்தை நீட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

ஒரு பிரதி விடாமல் மீட்டோம். மறுநாள் முதலாளி எல்லோர் முன்னிலையிலும் "கடைசியா பாத்தது யாரு?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் தணிகாசலம். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வேலை போய்விடுமோ என்று பயந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரைப் புத்தக வேலையிலிருந்து எடுத்துக் கல்யாணப் பத்திரிகைக்குப் போட்டார்கள்.

அங்கே போய் முடங்கிவிட்டாரா என்றால், இல்லை. ஒவ்வொரு படத்தையும் அதற்குரிய பத்தியோடு பிணைக்கும் சிறு கணினி நிரல் ஒன்றை எழுதினார். இடம் போதாவிட்டால் இரண்டும் சேர்ந்தே அடுத்த பக்கம் போகும். தமிழ் எழுத்தின் உயரத்தைச் சரியாக அளந்து வரியை எண்ணும். அதைத்தான் இன்று நாங்கள் எல்லோரும் பயன்படுத்துகிறோம். அவரைத் திரும்பப் புத்தகத்துக்குக் கூப்பிட்டபோது, பத்திரிகை வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார். அந்த மிடுக்கும் எனக்குப் பிடிக்கும்.

ஒருமுறை டீக்கடையில் கேட்டேன், "ஏன் சார் என் பேரச் சொல்லல?" என்று.

"கடைசியா பக்கம் என் கைய உட்டுதானே மேடம் போச்சு. பாக்காம அனுப்புனது நான்தானே."

அதன் பிறகாவது முதலாளியிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவரே பெரிதுபடுத்தவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் அவர் மனைவி சொன்னார்: "எல்லாத்தையும் கரெக்டா செய்வாருங்க. அந்தப் பாம்பு புக்குல மட்டும் தப்பு பண்ணிட்டேன்னு சொல்லிகினே இருப்பாரு." அதற்கு மேல் என்னால் மூடிவைக்க முடியவில்லை. நடந்ததை அவர் மனைவியிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன்.

அவருடைய நிரல் அலுவலகத்துக்கு, நல்ல பெயர் அவர் குடும்பத்துக்கு. இத்தனை காலம் அவர் சுமந்த அந்தத் தவறை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். இனி யாராவது பாம்புப் புத்தகம் என்று பேச்செடுத்தால், என் பெயரைச் சொல்லுங்கள்.