குனிந்து குடிக்க விடாத கடை

ஏகாம்பரம் அண்ணனைப் புற்றுநோய் கொல்லவில்லை. அண்ணாந்து தண்ணீர் குடிக்க வைத்து நம் கடைதான் கொன்றது. செவ்வாய்க்கிழமை காலை கல்யாணப் பட்டுப் பிரிவில் விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது அவர் மனைவி போன் செய்தார். "நிமோனியான்னாங்க தம்பி. தண்ணி நுரையீரலுக்குள்ள பூடுச்சாம்." அடுத்த பத்து நிமிடத்தில் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். நான் புடவை விரிக்க உட்கார்ந்தேன்.

பதினாறு வருடம் நம்மோடு புடவை விரித்தவர். தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்து தை மாதம் திரும்பி வந்தார். சோறு குழைந்திருந்தால்தான் இறங்கும். தண்ணீர் அதைவிட ஆபத்து. வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தாடையை மார்போடு ஒட்டி, சிறிது சிறிதாக உறிஞ்சி, ஒவ்வொரு மிடறையும் இரண்டு முறை விழுங்க ஆஸ்பத்திரியில் பழக்கியிருந்தார்கள். "முழுங்குறதுக்கு எனக்கு டிரெயினிங் குடுத்தாங்கபா. பொறந்த கொழந்தைக்குக்கூடக் குடுக்க மாட்டாங்க" என்றார்.

அதற்காகவே ஒரு டம்ளர் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்காரும் கோதண்டன் விடவில்லை. "இன்னாண்ணே, தண்ணிய கும்புட்டுக்கினு குடிக்கிற?"

"ஆமாண்டா. மொடக்குக்கு ஒரு கும்புடு. காமாட்சியம்மனுக்குக்கூட இவ்ளோ போட்டதில்ல."

கடையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பின்பக்கம் ஒரு குடம், ஒரு சொம்பு. டம்ளரும் பாட்டிலும் உள்ளே வரக்கூடாது. பட்டில் ஒரு சொட்டு பட்டாலும் கறை. சரி, அது பட்டுக்கான விதி. சொம்பில் உதடு படக்கூடாது என்பது? யார் வாய் பட்டது என்று பார்க்கிற ஊரின் விதி. தென்னேரி கிராமத்தில் கூலி வேலை செய்தவர்களின் பிள்ளையான அண்ணனுக்கு அது புதிதல்ல.

மூன்றாம் நாளே சூப்பர்வைசர் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டார். டாக்டர் எழுதிய சீட்டை அண்ணன் நீட்டினார். "ஒருத்தருக்கு வுட்டா எல்லாரும் கொண்டாருவாங்க. அதுவும் வியாதிக்காரரு எச்சில்" என்றார் அவர். அதன் பிறகு அண்ணன் கடையில் தண்ணீரே குடிக்கவில்லை. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை. வேலையை விட்டால் மாத்திரைக்கு வழியில்லை, வேலையில் இருந்தால் தண்ணீருக்கு வழியில்லை.

வைகாசி முகூர்த்தக் கூட்டத்தில், ஒரு மத்தியானம், அவருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. சொம்பை நீட்டியவன் நான். "ஒரே ஒரு தபா அண்ணாந்து குடிச்சிடுண்ணே, சூப்பர்வைசரு பாக்குறாரு." குடித்தார். இருமல் நிற்கவில்லை. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டே அடுத்த புடவையை விரித்தார். பிறகு தினமும் அப்படித்தான் குடித்தார். கடைசி மூன்று நாள் ஜுரத்தோடு வந்தார். நாம் எல்லோரும் அந்த இருமலைக் கேட்டோம்.

அப்படி இருமி ஓய்ந்த ஒரு நாள் சொன்னார்: "பொழைக்க வெச்சிட்டாங்கபா. குடிக்கத்தான் வுட மாட்றாங்க." அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இது ஒன்றைத்தான். கடையில் வைத்த இரங்கல் கூட்டத்தில் நீங்கள் பேசிய மற்றதெல்லாம் உங்களுக்கே இருக்கட்டும்.

நேற்று காலை உங்கள் எல்லோர் முன்னாலும் சூப்பர்வைசரிடம் போய் நின்றேன். "வேலை செய்யறவங்க அத்தனை பேருக்கும் டம்ளர் வேணும் சார். இன்னைக்கே வேணும்."

அவர் என்னைத் தாண்டிப் பார்த்து, "வேற யாருக்குபா வேணும்?" என்று கேட்டார்.

நான் திரும்பினேன். எல்லோரும் புடவை மடித்துக்கொண்டிருந்தீர்கள்.