வறண்ட ஆற்றில் மூட்டை தூக்கினோம்

இன்று பொன்னேரி பஸ்ஸில் ஆரணி ஆற்றைக் கடந்தேன். வெள்ளத்தில் பாலம் போனதிலிருந்து பஸ் ஆற்றுக்குள் இறங்கித்தான் ஏறுகிறது. ஆறு மாதமாக வெறும் மணல். வெயிலில் அது தண்ணீர் மாதிரியே மினுங்கியது.

பஸ் மணலுக்குள் இறங்கியதும் பேச்சு நின்றது. கீழே வைத்திருந்த மூட்டைகளை ஒவ்வொருவராக மடிக்கு எடுத்துக்கொண்டோம். கோழிக்கூடை வைத்திருந்த அம்மா அதைத் தலையிலேயே ஏற்றிக்கொண்டார்.

புதுக் கண்டக்டர் சிரித்தார். "இன்னாம்மா, தண்ணி எங்க கீது?"

"அடியில தூங்கிக்கினு கீது நைனா. சத்தம் போடாத."

யாரும் சிரிக்கவில்லை. கண்டக்டரும் தோல்பையை மெல்ல மார்போடு தூக்கிக்கொண்டார்.

கரையேறிய பிறகு பார்த்தால், என் செருப்பு என் கையில் இருக்கிறது. எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. கூட வந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் சொல்லுங்கள்.