தலை சுற்றுகிறது என்று சொல்வது

விண்வெளியிலிருந்து திரும்பியபின் முதல் சில நாட்கள் என்னை மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அதன் பிறகு பரிசோதனைகளுக்கு மட்டும் வந்துபோனால் போதும், ஊருக்குள் எங்கே வேண்டுமானாலும் தங்கிக்கொள்ளலாம் என்றார்கள். விருந்தினர் விடுதியில் அறை தயாராக இருந்தது. நான் கரமனையில் அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அங்கே அக்காவும் அத்திம்பேரும் மட்டும்தான். அத்திம்பேர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சும்மா உட்காரத் தெரியாத மனிதர். நான் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னால் அவருக்குக் காதுக்குள் ஏதோ தொற்று வந்து, காய்ச்சல் போன பிறகும் தலைசுற்றல் மட்டும் தங்கிவிட்டது. கொஞ்ச நாள் சமாளித்துக்கொண்டு வெளியே போய்வந்தார். பிறகு ஒருநாள் திரும்பி வந்தவர், வாசலைத் தாண்டுவதையே நிறுத்திவிட்டார். ஏன் என்று அக்கா கேட்டால் வெயில் என்பார். மழைக்காலத்திலும் அதே பதில்தான்.

நான் காரிலிருந்து இறங்கியபோது தரை ஒரு பக்கம் சாய்ந்தது. தலையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு நடப்பதுபோல் இருந்தது. ரேழியில் திரும்பும்போது கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டேன். குளிக்கப் போய், தலையில் தண்ணீர் விட்டுக்கொள்ளக் கண்ணை மூடியதுமே கீழே விழப் பார்த்தேன். எடை இல்லாமல் மிதந்த உடம்புக்கு எது மேல், எது கீழ் என்பது மறந்துபோயிருந்தது. அது தானாக நினைவுக்கு வரும், ஆனால் கொஞ்சம் படுத்தும்.

அத்திம்பேர் கூடத்து நாற்காலியின் கையை இறுகப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நோக்கும் சுத்தறதா?”

“சுத்தறது அத்திம்பேர். நீங்க நாற்காலியோட சேர்ந்து சாயறேள்.”

“இதை எப்படி இத்தனை லேசா சொல்றே?”

யோசித்துப் பார்த்தேன். எங்கள் வேலையில் அதைச் சொல்லியே ஆக வேண்டும். மேலே போன முதல் நாள், எங்கள் குழுவின் தலைவர் வேலைக்கு நடுவே, கருவியில் தெரியும் அளவை வாசிக்கும் அதே குரலில், “எனக்குக் குமட்டுகிறது, அடுத்ததை நீ செய், நான் சரிபார்க்கிறேன்” என்றார். எதற்கும் அசையாதவர் என்று நான் நினைத்திருந்தவர் அவர். யாரும் பரிதாபப்படவில்லை. வேலை கைமாறியது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் என் வயிறும் புரட்ட ஆரம்பித்தபோது அதே குரலில் சொல்ல எனக்கும் வந்துவிட்டது. உடம்பைப் பற்றி மறைத்தால் பக்கத்தில் இருப்பவர் தப்புக் கணக்குப் போடுவார். அங்கே அது ஆபத்து.

இதை அவரிடம் சொன்னேன்.

எனக்குக் கொடுத்திருந்த பயிற்சிகளில் ஒன்று, கையை நீட்டிக் கட்டைவிரலை நிறுத்தி, கண்ணை அதிலிருந்து எடுக்காமல் தலையை இப்படியும் அப்படியும் திருப்புவது. மறுநாள் காலை நான் அதைச் செய்வதைப் பார்த்ததும் அத்திம்பேர், “இதே வித்தையைத்தான் என் காதைப் பாத்த டாக்டரும் சொன்னார். செஞ்சு பாத்தேன், சுத்தல் கூடித்து. விட்டுட்டேன்” என்றார்.

“கூடத்தான் செய்யும். கூடினாத்தான் மூளைக்குத் தப்பு எங்கேன்னு பிடிபடும்.”

“அதை அவர் சொல்லலையே.”

“சொன்னார்,” என்றாள் அக்கா அடுக்களையிலிருந்து. “நான் பக்கத்துலதானே இருந்தேன். நீங்கதான் காதுல வாங்கிக்கலை.”

“காதுதானே கேடு,” என்று அவர் சிரித்தார்.

அன்று முதல் இரண்டு பேரும் சேர்ந்து செய்தோம். முதலில் உட்கார்ந்து, பிறகு நின்று, பிறகு ரேழியில் நடந்து. தொடங்குவதற்கு முன் அவரவர் நிலையைச் சொல்ல வேண்டும் என்று நான் ஒரு விதி வைத்தேன். என்னுடையதை நான் சொல்லிவிடுவேன். அவர் “ஒண்ணும் இல்லை” என்பார். அவர் உண்மையைச் சொல்லும்வரை காத்திருப்பேன்.

ஒருநாள் பாதி வழியில் அவருக்கு வியர்த்துக் கொட்டி, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நீ சின்னவ, நோக்குச் சரியாயிடும். நான் இனிமே இப்படித்தானாக்கும்.”

அவர் சொன்னதில் பாதி நிஜம். நான் நாளுக்கு நாள் தேறிக்கொண்டிருந்தேன். கண்டிப்பாகச் சரியாகிவிடும் என்பது வாய்வரை வந்துவிட்டது. ஆனால் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் வேலையில் படிந்த பழக்கம்.

“முழுக்கச் சரியாகுமான்னு நேக்குத் தெரியாது,” என்றேன். “நேத்திக்குச் சுவரைப் பிடிச்சுண்டு வந்த இடத்துக்கு இன்னிக்குப் பிடிக்காம வந்தேள். அது தெரியும்.”

அவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். அடுத்த நாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாள் நான் எழுந்து வந்தபோது ரேழியில் தயாராக நின்றுகொண்டிருந்தார். அக்காவின் கண் சிவந்திருந்தது. என்ன நடந்தது என்று பிறகு அவள்தான் சொன்னாள். மாதக்கணக்காக மனசில் வைத்திருந்ததை அவளிடம் சொல்லியிருக்கிறார். கடைசியாக வெளியே போன அன்று தெருவில் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டபோது ஸ்கூட்டரில் போன ஒருவன், “ராவிலே தொடங்கியோ?” என்று மலையாளத்தில் கேட்டுச் சிரித்தானாம். காலையிலேயே குடிக்க ஆரம்பித்தாயிற்றா என்று. காப்பியைத் தவிர வேறொன்றையும் அறியாத மனிதர்.

“என்கிட்டக்கூடச் சொல்லலைடீ,” என்றாள் அக்கா. அதில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

அந்த வாரமே தெருவில் இறங்கினோம். மேலே மிதக்கும்போது ஒரு பிடியை விடுவதற்கு முன் அடுத்த பிடியைப் பார்த்து வைத்துக்கொள்வோம். அதையே இங்கேயும் செய்தோம். இந்த வீட்டுக் கம்பி, அப்புறம் அந்த மின்கம்பம், அப்புறம் முனைக்கடை. இரண்டு பேரும் லேசாக ஆடிக்கொண்டு போனதைப் பார்த்து, எதிர்வீட்டில் குடியிருந்த மலையாளி ஆசிரியை வெளியே வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்தாள்.

“எந்து பற்றி சாமி?”

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அத்திம்பேர் முந்திக்கொண்டார். “செவிக்கு அசுகமாணு. தல கறங்கும். நடந்நு சரியாக்குவா.”

காதில் கோளாறு, தலை சுற்றும், நடந்து சரிசெய்கிறேன். மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வதைப்போலச் சொன்னார். அந்த அம்மாள் தன் அம்மாவுக்கும் இதேதான் இருந்தது என்று பேசிக்கொண்டே எங்களோடு முனைவரைக்கும் நடந்து வந்தாள்.

எனக்கு எல்லாம் சரியாகி வேலைக்குத் திரும்பினேன். பள்ளிக்கூடங்களில் பேசப் போகும்போது, மேலே போய் என்ன கற்றுக்கொண்டாய் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். முடியாதபோது முடியவில்லை என்று சாதாரணக் குரலில் சொல்லக் கற்றுக்கொண்டேன் என்கிறேன். அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அத்திம்பேருக்கு முழுக்கத் தீரவில்லை. இருட்டில் இன்னும் சுவர் வேண்டும். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் கிழக்கேகோட்டைக்கு பஸ்ஸில் போனோம். கூட்டத்தில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்து அவருக்கு இடம் கொடுத்தாள்.

“வேண்டா மோளே, ஞான் நின்னோளாம்,” என்று சொல்லி நின்றுகொண்டே வந்தார்.

மேல்கம்பியை ஒரு கையால் பிடித்தபடி, பாலம் தாண்டும்போது குனிந்து ஜன்னல் வழியாக ஆற்றைப் பார்த்தார். தண்ணீர் நிறையப் போகிறது என்று அக்காவிடம் சொன்னார்.