இரண்டு மெஷினுக்கு நடுவே ஒரு வயர்

கண்டியில் நாங்கள் வயர்லெஸ் செட் பழுது பார்க்கும் கடைக்கு, செட்டைச் சோதிக்க ரேடியோ அலை உண்டாக்கும் பழைய சிக்னல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்க ஹுன்னஸ்கிரியவிலிருந்து ஒருவர் வந்தார். ஸ்வெட்டரைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். கதிரையைக் கொடுத்தால், அதன் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். எனக்கு அப்போதே ஆளைப் பிடிக்கவில்லை.

ஜெனரேட்டரில் நூற்று நாற்பத்தைந்து மெகாஹேர்ட்ஸ் வைத்தேன். பக்கத்தில் அதை அளக்கும் கவுண்டர் கடைசி இலக்கம் வரை அதையே காட்டியது.

“இவ்வளவு சரியா இருக்கக் கூடாதே தம்பி.” எழுந்து பின்பக்கம் எட்டிப் பார்த்தார். இரண்டு மெஷினையும் இணைத்திருந்த வயரைத் தொட்டார். “உள்ள இருக்கிற ஒரே கிறிஸ்டலோட துடிப்பைப் பெருக்கி வகுத்துத்தான் இது எல்லா அலைவரிசையையும் உண்டாக்குது. கவுண்டரும் இந்த வயர் வழியா அதே துடிப்பை வச்சுத்தான் எண்ணுது. கிறிஸ்டல் பிசகினா ரெண்டும் சேர்ந்து பிசகும். ஆனா சரின்னுதான் காட்டும்.”

வயரைக் கழற்றினார். கவுண்டர் தன் சொந்தக் கிறிஸ்டலை வைத்து எண்ணத் தொடங்கியது; கடைசி நான்கு இலக்கங்களும் மாறின.

“யாரு மாட்டினது?”

“நான்தான். எப்பவும் அப்படித்தான் மாட்டுவோம்.”

கதிரைக் காலைப் பார்த்த மாதிரியே என்னையும் பார்த்தார். வயரைத் திரும்ப மாட்டிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னைக் கள்ளன் என்று நினைத்தாரோ, வேலை தெரியாதவன் என்று நினைத்தாரோ, தெரியவில்லை. கள்ளன் என்றே நினைத்திருக்கட்டும்.