இரைச்சலுக்குள் பெனின்

நம்புங்கள் என்று கெஞ்சவில்லை. இது நடந்தது. ஒக்கி புயல் அடித்த மறுநாள், 2017 டிசம்பர் முதல் தேதி, பட்டப்பகலில், எங்கள் கடற்கரையில், கிளீட்டஸ் வீட்டு முன்னறையில்.

கிளீட்டஸ் படகுகளின் வயர்லெஸ் செட்டுகளைப் பழுதுபார்ப்பவர். அவருடைய ஒரே மகன் பெனின், இஞ்ஞாசியின் படகில் ஒரு வார மீன்பிடித் தொழிலுக்குப் போயிருந்தான். அவனைப் பற்றித் தகவல் இல்லை. தேடப் புறப்பட்ட படகுக்காரர்கள் ஒன்றைத்தான் கேட்டார்கள்: எந்த இடம்? ஜிபிஎஸ் நம்பர் கிடைத்தால் போதும்.

ஊரில் கரண்ட் இல்லை. வீட்டிலிருந்த செட்டின் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. கோயில் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து, பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் செட்டை ஓட்டினார். அந்தப் பவர் சப்ளையின் இரைச்சல் செட்டுக்குள் புகுந்தது. அடியில் 'ம்ம்ம்' என்று கனத்த முனகல். அதற்கு மேல் 'கீ...' என்று கீச்சு.

"ஊருக்கெல்லாம் நன்னாக்கிக் குடுப்பிய. நம்ம செட்டு பன்னி மாதிரி கத்துது" என்றாள் மனைவி செசிலி. ராத்திரி முழுக்க அழுதவள்.

அப்போதுதான்... முனகலுக்கு அடியில்...

"அப்பா..."

கிளீட்டஸ் பாய்ந்து எழுந்தார். "ஏலே பெனினே! எங்கலே கெடக்க? நம்பரெச் சொல்லு மக்கா!"

"ஏழு..." மீதியை முனகல் விழுங்கியது.

இரைச்சலை மின்சாரத்திலிருந்து பிரித்து வடித்துவிட கெப்பாசிட்டர் வேண்டும். ஒன்று போதாது. கனத்த முனகலுக்குப் பெரியது, கூர்மையான கீச்சுக்குச் சின்னது. டப்பாவைத் தரையில் கவிழ்த்தார். ஆயிரம் மைக்ரோ அளவில் பெரியது ஒன்றைப் பொறுக்கினார். செட்டை அணைக்க மனம் வரவில்லை. ஓடும்போதே ஈயத்தால் பற்றவைத்தார்.

முனகல் அடங்கியது.

"ஏழு டிகிரி நாப்பது... வடக்கு. எழுவத்தாறு..."

அதற்குமேல் கீச்சு.

எழுபத்தாறா? அது நடுக்கடல். அந்தத் தூரத்தில் பாதிகூட இந்த செட்டுக்கு எட்டாது. கிளீட்டஸுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்ததைத் தேடினார்.

செசிலி அவர் தோளைப் பிடித்தாள்.

"மைக்கு கொக்கியிலதானே கெடக்கு... நீங்க எடுக்கவே இல்லியே. பிறகு எப்படி அவன் பதில் சொல்லுகான்?"

"சும்மா இரி!"

"சீக்கிரம்ப்பா... கை மரத்துப் போச்சு..."

துவரம்பருப்பு அளவில் ஒரு கெப்பாசிட்டர் கிடைத்தது. மேலே 104 என்ற எண். கம்பிக் கால்கள் நீளமாக இருந்தால் அது பயன்படாது. ஒட்ட வெட்டினார். செட்டின் ஐசி சிப்பின் காலோடு சேர்த்து வைத்தார்.

ஈயம் உருகியது.

கீச்சு நின்றது.

எல்லாமே... நின்றது.

"பெனினே?"

சின்னதைப் பிடுங்கி எறிந்தார். கீச்சு வந்தது. பெரியதைப் பிடுங்கினார். முனகல் வந்தது.

அவன் வரவில்லை.

மணி நாலரை.

பாதி நம்பரோடு போன படகுகள் வெறுமனே திரும்பின.

கிறிஸ்மஸுக்கு முன்பு இஞ்ஞாசி வந்தான். ஒரு சரக்குக் கப்பல் அவனைக் காப்பாற்றியிருந்தது. புயலடித்த காலையிலேயே படகு கவிழ்ந்துவிட்டதாம். வயர்லெஸ் செட் அப்போதே மூழ்கிவிட்டது. கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு இருவரும் கிடந்திருக்கிறார்கள்.

"மறுநாளு முழுக்க நம்பரெயே சொல்லிக்கிட்டு கெடந்தான் அண்ணா. 'யாருகிட்டலே சொல்லுக?'ன்னு கேட்டேன். 'அப்பாகிட்ட. அப்பா சத்தத்தெ ஒவ்வொண்ணா கொறச்சிட்டு வாறாரு. இப்பம் கேட்டிரும்'ன்னான்."

கிளீட்டஸ் கொக்கியில் கிடந்த மைக்கைப் பார்த்தார்.

"பொழுது சாயுக நேரம்... நம்பரெ பாதியில நிறுத்திட்டான். 'அப்பாவுக்கு இனி கேக்காது'ன்னான்..."

இஞ்ஞாசி தலையைக் குனிந்துகொண்டான்.

"கையெ விட்டுட்டான்."