பிரவுசர் ஓட்டையை அடைக்கப் போன வாரம்

கணினி பராமரிப்பில் பாதி வேலை, நமக்கே புரியாததை அடுத்தவருக்குப் புரியவைப்பது. இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. செங்கல்பட்டிலிருந்து பைக்கில் போய் மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜுக்கும் ஒரு சிற்பக்கூடத்துக்கும் கணினி பார்க்கிறேன். அந்த வாரத் தொடக்கத்தில் ஒரு காலை, பிரவுசர் கம்பெனியிடமிருந்து ஓர் எச்சரிக்கை வந்தது. பிரவுசரில் ஓட்டை, அதன் வழியாக ஏற்கெனவே ஆட்கள் புகுந்துகொண்டிருக்கிறார்கள், உடனே அப்டேட் செய்யுங்கள். யார், எப்படி என்று ஒரு வரி இல்லை.

பழைய சாவி

லாட்ஜ் மேனேஜர் கோவிந்தன், என்ன ஓட்டை என்று கேட்டார். எனக்குப் புரிந்தவரை சொன்னேன்: பிரவுசர் மெமரியில் ஓர் இடம் பிடிக்கும், வேலை முடிந்ததும் விட்டுவிடும், விட்டதை மறந்து மறுபடி அங்கேயே போகும். அதற்குள் வேறொருவன் அங்கே தன் சரக்கை வைத்திருந்தால், பிரவுசர் அதைத் தன்னுடையது என்று நம்பி அது சொன்னபடி ஆடும். ரூமைக் காலி செய்தவர் பழைய சாவியோடு திரும்பி வருவதுபோல.

கோவிந்தன் பின்னால் தொங்கும் சாவிகளைத் திரும்பிப் பார்த்தார். "காலி பண்றப்பவே சாவிய வாங்கி வெச்சிக்க வேண்டிதுதானே? இத எழுதனவன் இன்னா பண்ணிகினு இருந்தான்?"

மாறாத திரை

சிற்பக்கூடத்து முதலாளி ஏகாம்பரத்துக்கு வெளிநாட்டு ஆர்டர்கள் மெயிலில்தான் வரும். அப்டேட் செய்துவிட்டு வந்தேன். வாரம் முடிவதற்குள் அதே பிரவுசருக்கு இன்னோர் ஓட்டை, இன்னோர் அப்டேட். முதல் தடவை நான் சரியாகச் செய்யவில்லை என்று அவருக்குச் சந்தேகம். இது புதுசா, பழையதன் மிச்சமா என்று எனக்கும் தெரியவில்லை. திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"முன்னாடியும் இப்டிதான் இருந்துது, இப்பவும் இப்டிதான் கீது. நீ இன்னா தம்பி பண்ண?"

தெரியாதவர் மெயில்

இதற்கிடையில் மெயில் மென்பொருளிலும் ஓர் ஓட்டை. மெயிலைத் திறக்கக்கூட வேண்டாம், ஓரத்தில் முன்னோட்டம் தெரிந்தாலே ஆள் உள்ளே புகுந்துவிடலாமாம். லாட்ஜ் வரவேற்பில் இருக்கும் லட்சுமியிடம், அப்டேட் முடியும்வரை தெரியாதவர்கள் மெயிலைத் தொடாதே என்றேன்.

"தெரிஞ்சவங்க எதுக்குண்ணா லாட்ஜுக்கு மெயில் போடப்போறாங்க? நேரா வூட்டுக்கு வந்துடுவாங்க."

வந்தானா?

பேச்சோடு பேச்சாக லட்சுமி இன்னொன்றும் சொன்னாள். ஒரு புக்கிங் மெயிலில் இருந்த லிங்கை அழுத்தினால் அந்தப் பக்கம் மட்டும் நின்றுபோகிறதாம். தாக்குதல் தோற்றாலும் அப்படி ஆகும். கணினி பழசானாலும் ஆகும். நான் முன்பே இறக்கிவைத்த அப்டேட், பிரவுசரை மூடித் திறந்தால்தான் வேலை செய்யும். வரிசையில் ஆட்கள் நின்றதால் அவள் மூடவே இல்லை. அந்தக் கணினியில்தான் விருந்தினர்களின் பாஸ்போர்ட் நகல்கள்.

நெட் வயரைப் பிடுங்கினேன். கணினி தானாகவே எழுதிவைக்கும் பதிவுகளைப் புரட்டினேன்; சந்தேகப்படும்படி எதுவும் இல்லை, சந்தேகம் தீரும்படியும் எதுவும் இல்லை. டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதிதில் எல்லாவற்றையும் நிறுவினேன். பாஸ்வேர்டுகளை வேறு கணினியிலிருந்து மாற்றினோம். விருந்தினர்களுக்கும் சொல்லியாக வேண்டும் என்றேன். நகல் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம் என்றா எழுதுவது என்று கோவிந்தன் கேட்டார். அதுதானே உண்மை என்றேன். அவரே உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் அப்படியே எழுதி அனுப்பினார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வந்தானா இல்லியா, அத மட்டும் சொல்லு நைனா. எனுக்குத் தூக்கமே வர்ல."

எதுவும் நடக்கவில்லை என்றால், நான் ஒழுங்காக வேலை செய்தேன் என்றும் கொள்ளலாம், நடந்தது எனக்குத் தெரியவில்லை என்றும் கொள்ளலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் விசேஷம்.