பெண் கேட்கப் போட்ட ஒயின்

ஸ்தியெப்போவுக்கு ஐம்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எதற்கும் ‘கொஞ்சம் நாள் போகட்டும்’ என்பான். பல்வலிக்கும் அப்படித்தான் சொன்னான். பல் தானாகவே விழுந்துவிட்டது.

அவனுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை லுக்ரே. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். பெல்யேஷட்ஸ் தீபகற்பத்தில், கடலைப் பார்த்த மலைச்சரிவில் இருவர் திராட்சைத் தோட்டமும் பக்கத்துப் பக்கம். போன வருஷம் அவன் ஒயினை ஒரு வாய் குடித்துவிட்டு ஊர் நடுவில் சொன்னாள்:

“என்னய்யா இது, பாதிரியார் வீட்டு சூப் மாதிரி தண்ணியா இருக்கு? இதைக் குடிச்சிட்டு எவ உன்கூட வாழ வருவா?”

எல்லாரும் சிரித்தார்கள். இவன் மட்டும் அதைச் சம்மதத்தில் பாதி என்று எடுத்துக்கொண்டான். இந்த வருஷம் கத்தியால் வெட்டும்படி கெட்டியாகச் சிவப்பு ஒயின் போட்டு, புது ஒயின் திறக்கும் மார்ட்டின் திருநாளில் அவளைக் கேட்டுவிடுவது என்று முடிவு.

எங்கள் கருந்திராட்சைக் குலையில் காயும் இருக்கும், பழமும் இருக்கும், காய்ந்து சுருங்கியதும் இருக்கும். எப்போது வெட்டுவது என்பதில்தான் ஆளின் புத்தி தெரியும். ஊரே வெட்டி முடித்தது. இவன் வெட்டவில்லை.

“யோவ், வெட்டுய்யா!” என்றான் பக்கத்து வீட்டு விலாஹோ.

“இன்னும் ஒரு வாரம் வெயில் குடிக்கட்டும்.”

“வெயில் எங்க குடிக்குது? குளவிதான் குடிக்குது!”

வெட்டியபோது பாதி உலர்திராட்சை. சாறு தேனாக இருந்தது. பீப்பாயில் சில நாள் பொங்கியது, பிறகு மூச்சில்லை. இனிப்பு மிஞ்சினால் அப்படித்தான் ஆகும். பொங்குகிற சாறு ஒரு வாளி அக்கம்பக்கத்தில் வாங்கி ஊற்றினால் உயிர் வரும். விலாஹோவிடம் போய் வாளியை நீட்டுவதா? தானாகப் பொங்கும் என்று விட்டுவிட்டான். தெற்குக் காற்று சூடாக அடித்தது. நிலவறையில் புளிப்பு வாடை ஏறியது.

திருநாளன்று லுக்ரே வந்தாள். ஒரு மிடறு குடித்தாள். முகம் கோணவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

“இதை யாருக்குப் போட்ட?”

“உனக்குத்தான். உன்னை... கேக்கலாம்னு.”

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“நாலு வருஷமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு இருமினியே, நான் செவிடா? இன்னிக்குக் கேப்பான், நாளைக்குக் கேப்பான்னு இருந்தேன். போன மாசம் தோட்டத்தை வித்துட்டேன்யா. ரியேக்கா பட்டணத்துல அக்கா வீட்டோட இருக்கப் போறேன்.”

“கொஞ்ச நாள் கழிச்சுப் போனா என்ன?”

லுக்ரே சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

“வேணாம் ஸ்தியெப்போ. விடு.” கொஞ்ச நேரம் பீப்பாயையே பார்த்தாள். “ரெண்டு பாட்டில் புடிச்சுக் குடு. பேய்க்கணவாய் சாலட்டுக்கு அங்க நல்ல வினிகர் கிடைக்காதாம்.”

அவன் சிந்தாமல் பிடித்தான். பாட்டில் வாயைச் சட்டையால் துடைத்து, தக்கையை அழுத்தி மூடிக் கொடுத்தான்.